அஞ்சாவது கை

நாப்பத்தேழு. எனக்கு டோக்கன் நாப்பத்தேழு, குருவம்மாவுக்கு நாப்பத்தாறு. இப்பத்தான் இருபத்தொண்ணைக் கூப்பிடுறாங்க. இன்னும் இருபத்தஞ்சு பேர் போகணும், ஆளுக்கு ரெண்டு நிமிஷம்னு வச்சாலும் அம்பது நிமிஷம் கிடக்கு. அம்பது நிமிஷத்துல ஒரு விஷயத்தைச் சொல்ல முடியாதா? மில் கேட்ல நின்னு மூணு மணி நேரம் பேசுனவன் நான், மழையில நின்னு பேசுனவன், போலீஸ்காரன் மைக்கைப் புடுங்குனப்பவும் வெறுந்தொண்டையில பேசுனவன், ஒரு பொம்பளகிட்ட ஒத்த வரி, தங்கச்சி, உன் புருசன் ஊசி போடணும்னுதான் நெனச்சான், நான்தான் விடலன்னு, இவ்வளவுதான், இதுக்கு மைக்கும் வேண்டாம் மேடையும் வேண்டாம். சொல்லிரணும். அவ நம்பரைக் கூப்பிடுறதுக்குள்ள சொல்லிரணும். முப்பதாம் நம்பர் எந்திரிச்சதும் சொல்லிருவோம். இப்ப வேண்டாம், இப்ப அவளுக்குப் பக்கத்துல ஒரு அம்மா உக்காந்து சீரியல் கதை சொல்லிக்கிட்டிருக்கு. முப்பதுல. இந்தப் பெஞ்சு வேற, ஆறாம் வகுப்புப் பிள்ளைக உக்கார்ற பெஞ்சு, முட்டி நெஞ்சுக்கு வந்து இடிக்குது. நகராட்சிப் பள்ளிக்கூட வராண்டா, ஒரு பக்கம் ஆம்பளைக, எதுத்த பக்கம் பொம்பளைக, நடுவுல சுண்ணாம்புல வட்டம் வட்டமாப் போட்டிருக்கான், ஒருத்தனும் வட்டத்துக்குள்ள நிக்கல. குருவம்மா மஞ்சப்பையை மடியில வச்சு ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அவ இழுக்குற மூச்சு இங்க கேக்குது. மாஸ்க்குக்குள்ள இருந்து விசில் மாதிரி மெல்லிசா வருது. இருபத்திரண்டு வருசம் ஸ்பின்னிங்ல நின்னவ, நெஞ்செல்லாம் பஞ்சு. இந்த நெஞ்சுக்கு அந்தக் காய்ச்சல் வந்தா தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, அவ மக செல்வராணி திருப்பூர்ல இருந்து போன்ல அழுகுது. "மாமா, அப்பா போய்ட்டாரு, அம்மாவும் போய்ட்டா எனக்கு யாரு இருக்கா? நான் சொன்னா கேக்க மாட்டேங்குது மாமா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், உங்க வார்த்தைதான் அதுக்கு வேதம்." வேதமாம். சாமி இல்லன்னு நாப்பது வருசமாப் பேசுறவன் வார்த்தை வேதமாம். அந்த வேதத்தைத்தானே தாயி உங்கப்பன் கேட்டுத் தொலைச்சான்.

கூட்டிட்டு வந்தாச்சு. "சும்மா வா தங்கச்சி, போய் உக்காந்து பாப்போம்"னு சொன்னேன், எதுக்குன்னுகூடக் கேக்கல, சேலையை மாத்திக்கிட்டு வந்து நின்னுட்டா. தோழரண்ணன் கூப்பிட்டா ஒரு காரணம் இருக்கும். அவளுக்கு என்னைத் தெரிஞ்ச நாள்ல இருந்து நான் தோழரண்ணன்தான். தங்கப்பழம் அவளைக் கல்யாணம் பண்ணுனப்ப தாலியும் இல்ல ஐயரும் இல்ல, சங்க ஆபீஸ்ல மாலை மாத்தி, நான்தான் முக்கால் மணி நேரம் வாழ்த்திப் பேசுனேன், பேச்சு முடியிறதுக்குள்ள சோறு ஆறிப்போச்சுன்னு அவங்க அம்மா திட்டுனா. இருபத்தி நாலு போகுது. அந்த டேபிள்ல ஒரு தம்பி ஆதார் நம்பரைக் கேட்டுக் கேட்டுக் கம்ப்யூட்டர்ல தட்டுறான், போன்ல நம்பர் வரணுமாம், வந்த நம்பரைச் சொல்லணுமாம், ஒரு கிழவருக்கு நம்பர் வராம நிக்கிறாரு. சர்ட்டிபிகேட்ல பிரதமர் படம் வேற வரும். அந்தப் படத்துக்காகத்தான் எங்க கட்சியில பாதிச் சண்டையே. எங்க கட்சி. பேரைச் சொன்னா இந்த ஊர்லயே பாதிப் பேருக்குத் தெரியாது. பெரிய கட்சியில இருந்து பிரிஞ்ச கட்சியில இருந்து பிரிஞ்சது. இந்த நகரத்துல மொத்தம் ஒம்போது பேரு, ஒம்போது பேருக்கு ஒரு கமிட்டி, அந்தக் கமிட்டிக்கு நான் செயலாளர். பெரிய கட்சிக்காரன் எல்லாரும் ஊசி போடுங்கன்னு வீடு வீடா நோட்டீஸ் குடுத்தான். அவன் போடச் சொன்னான்ங்கிறதே நாங்க போடாததுக்கு ஒரு காரணமாப் போச்சு. அதை மட்டும் தீர்மானத்துல எழுதல.

மத்ததெல்லாம் எழுதுனேன். கம்பெனிகளின் கொள்ளை லாபத்துக்காக, சோதனை முடிவுகளை மக்கள் முன் முழுமையாக வைக்காமல், ஆட்சியாளர் படம் அச்சிட்ட சான்றிதழோடு திணிக்கப்படும் தடுப்பூசியை, காப்புரிமை ரத்தாகும் வரை உறுப்பினர்கள் புறக்கணிப்பது என இக்கமிட்டி தீர்மானிக்கிறது. வரைவு என்னோடது. திணிக்கப்படும்ங்கிற சொல்லுல எனக்கு அப்ப ஒரு பெருமை இருந்துச்சு, மொதல்ல வழங்கப்படும்னு எழுதி அடிச்சுட்டுத் திணிக்கப்படும்னு போட்டேன், படிச்சுப் பாத்து நானே தலையாட்டிக்கிட்டேன். அதுல எழுதுனது பொய்யான்னு கேட்டா, இல்ல. கம்பெனிக்காரன் லாபம் பாக்கல? பாத்தான். படம் போடல? போட்டான். ஒவ்வொரு வரியும் உண்மைதான், கூட்டிப் பாத்தாத்தான் ஒரு ஆள் செத்துக் கிடக்கான். கூட்டம் மார்ச்சுல நடந்துச்சு. ரெண்டு மணி நேரம் விவாதம், டீ ரெண்டு தடவை. நாலு பேரு எதிர்த்தாங்க. வாத்தியார் ஒருத்தர் இருந்தாரு எங்ககூட, பெரியம்மைக்கு ஊசி போட்டவன் எவனும் படம் பாத்தா போட்டான்னு கேட்டாரு, நான் அவரைச் சமரசவாதின்னேன். எனக்குப் பேச வரும், அவருக்கு வராது, அவ்வளவுதான் வித்தியாசம். பெறகு ஓட்டு. ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க. நான் தூக்குனேன், இன்னும் மூணு கை வந்துச்சு. நாலு. நாலுக்கு நாலுன்னு நிக்குது. தங்கப்பழம் மட்டும் ரெண்டு பக்கமும் சேராம டீ கிளாஸைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். நான் அவனைப் பாத்தேன். வேற ஒண்ணும் செய்யல, பாத்தேன். அவன் கை மேல வந்துச்சு. வந்துச்சு, ஆனா முழுசா வரல, காது வரைக்கும் வந்துச்சு. காதைச் சொறிய வந்த கையா, ஆதரிச்சு வந்த கையா? நான் எண்ணிட்டேன். அஞ்சுன்னு சத்தமாச் சொல்லி மினிட்ஸ் புத்தகத்துல ஏத்திட்டேன், அவனும் ஒண்ணும் சொல்லல. அப்பச் சொறிஞ்சானான்னு நெனச்சு நெனச்சுப் பாக்குறேன். சொறிஞ்ச மாதிரியும் இருக்கு. விரலு காது மடல்ல பட்டுச்சு. பட்டுச்சா? இதை எத்தனை தடவைதான் ஓட்டிப் பாக்குறது. ஒரு தடவை ஓட்டுனா சொறியிறான், அடுத்த தடவை சொறியல.

இருபத்தொம்போது. முப்பது. முப்பது எந்திரிச்சிருச்சு, குண்டா ஒரு ஆளு, சட்டையைக் கழட்டவான்னு கேக்குறாரு, சிஸ்டர் பிள்ளை சிரிக்குது. இப்பச் சொல்லலாம். சீரியல் அம்மாவும் உள்ள போயாச்சு. எந்திரிச்சு நாலு எட்டு வச்சா போதும். கால் வரல. மருந்து வாடை வருது, ஸ்பிரிட்டு வாடை, எனக்கு இந்த வாடை வந்தாலே எங்கப்பா ஞாபகம் வந்துரும். எமர்ஜென்சியில எனக்குப் பதினாறு வயசு. மில்லுல இருந்து மேஸ்திரி பத்துப் பேரை லாரியில ஏத்திக் குடும்பக் கட்டுப்பாடு கேம்புக்குக் கூட்டிட்டுப் போனான், எங்கப்பா சாயங்காலம் காலை அகட்டி அகட்டி நடந்து வந்தாரு, கையில ஒரு பச்சைப் பிளாஸ்டிக் வாளி. இனாம். அவரு மேல இந்த வாடைதான் அடிச்சுச்சு. எங்கம்மா அந்த வாளியில ஒரு நாளும் தண்ணி எடுக்கல. இதை நான் சொல்லாத மேடை கிடையாது. அரசாங்கம் ஊசியோட வந்தா பின்னாலேயே வாளியும் வரும் தோழர்களேன்னு சொன்னா கைதட்டு விழும், எங்கயும் விழாம இருந்ததில்ல. இன்னைக்கு இங்கயும் குலுக்கல்ல பரிசுன்னு வாசல்ல எழுதிப் போட்டிருக்கான். ஆனா ஒண்ணு, எங்கப்பா ஒரு தடவைகூட என்னை இழுத்துட்டுப் போனாங்கன்னு சொன்னதே இல்ல. நாங்க ஆறு பிள்ளைக. ஏழாவது வேண்டாம்னு அவரே லாரியில ஏறிருப்பாரோ? எங்கம்மா கோவிச்சுக்கிட்டது மேஸ்திரி மேலயா, அப்பா மேலயா? கேக்கல. நான் கேக்கவே இல்ல, கேட்டா அந்தக் கதை போயிரும்ல. செத்துப் போன ஆளுக நம்ம சொல்றதை மறுக்க மாட்டாங்க, அது ஒரு வசதி. சே, என்ன புத்தி இது. இதையேதான் தங்கப்பழத்துக்கும் செஞ்சேன். முப்பத்தி மூணு.

ஏப்ரல் மாசம் வந்தான் தங்கப்பழம். சங்க ஆபீஸ்ல பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கேன், வந்தவன் உக்காராம நிக்கிறான். சர்க்கரை ஏறி ஆளு பாதியாயிட்டான், செருப்பு பெருசாத் தெரியுது. "தோழர், ஒண்ணு குடுக்கணும்"னு ஒரு காகிதத்தை நீட்டுனான், ரூல் போட்ட நோட்டுல கிழிச்சது. எனக்குச் சர்க்கரை நோய் உள்ளபடியால் தடுப்பூசி போட்டுக்கொள்ள கமிட்டி அனுமதி தருமாறு வேண்டுகிறேன், தோழமையுடன், கையெழுத்து, தேதி. மூதேவி, நேராப் போய்ப் போட்டுட்டு வந்திருந்தா எவன்டா உன்னைக் கேட்டிருப்பான்? எவனுக்குத் தெரிஞ்சிருக்கும்? அனுமதி கேக்குறான். இருபத்தி மூணு வயசுல இருந்து அவனுக்கு நான் அதைத்தானே சொல்லிக் குடுத்தேன், சிறுபான்மை பெரும்பான்மைக்குக் கட்டுப்படணும், தனி ஆள் கமிட்டிக்குக் கட்டுப்படணும். கட்டுப்பட்டான். நான் என்ன சொன்னேன்? போடான்னு சொன்னேனா? வேண்டாம்னு சொன்னேனா? ரெண்டும் சொல்லல. "அஜெண்டால சேத்துக்கிறேன் தோழர், அடுத்த கூட்டத்துல வைப்போம்." அவன் தலையை ஆட்டிட்டு, "சீக்கிரம் போடுவீங்களா தோழர்"னு கேட்டான். "முறைப்படி வரட்டும்"னேன். முறைப்படி. அதுக்குப் பெறகு ஊரடங்கு வந்துச்சு. கூட்டம் போட அஞ்சு பேராவது வேணும். மூணு பேருக்குக் காய்ச்சல், ஒருத்தன் மக வீட்டுக்குத் தென்காசி போய் மாட்டிக்கிட்டான், வாத்தியார் கோவிச்சுக்கிட்டு வரல. ஆளுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா அரை மணி நேர வேலை. எனக்குத் தோணாம இல்ல. தோணுச்சு. தோணி, போன்ல ஓட்டெடுக்க அமைப்பு விதியில இடமில்லன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். உண்மை அது இல்ல. அவனுக்கு அனுமதி குடுத்தா தீர்மானம் போச்சு, தீர்மானம் போச்சுன்னா வாத்தியார் ஜெயிச்சாரு. அதுக்குத்தான். ஒரு வாத்தியார் ஜெயிச்சிரக் கூடாதுன்னுதான்.

"என்ன தோழர், நீங்களுமா!" யாருடா இவன். முடிதிருத்தகம் வச்சிருக்கிற செண்பகராஜு, ஆளுங்கட்சி வார்டு பிரதிநிதி, முகாமுக்கு ஆள் சேத்துவிட வந்திருக்கான், கழுத்துல கட்சிக் கரை போட்ட துண்டு. என் கையில இருக்கிற டோக்கனை மூடுனேன். "தங்கப்பழம் வீட்டம்மாவைக் கூட்டிட்டு வந்தேன் ராஜு, மூச்சு இழுக்குது அதுக்கு." "அதானே பாத்தேன், நீங்க போட்டா உலகம் தாங்குமா"ன்னு சிரிச்சிட்டுப் போறான். அப்பாடா. எதுக்கு அப்பாடா? எதுக்கு மூடுனேன் டோக்கனை? சரி, எதுக்கு எனக்கும் ஒண்ணு வாங்குனேன்? வாசல்ல நின்ன பிள்ளை எத்தனை பேருன்னுச்சு, வாய் தானா ரெண்டுன்னுச்சு. அவ தனியா உள்ள போகப் பயப்படுவான்னு வாங்குனேன். அப்படித்தான். மே மாசத்துல இருந்து ராத்திரி தூங்காம நாடியைப் பிடிச்சுப் பாத்துக்கிட்டுக் கிடக்கிறது எவன்? தும்மல் வந்தா சாமி கும்பிடாத குறையா உக்காந்திருக்கிறது எவன்? அறுபத்தொண்ணு வயசு எனக்கு. வாசனை தெரியுதான்னு தினமும் காலையில காப்பித்தூள் டப்பாவை மோந்து பாக்குறேன், பொண்டாட்டிக்குத் தெரியாம. முப்பத்தெட்டு போயாச்சு. இப்பப் போய்ச் சொல்லணும். நாப்பதுல சொல்றேன்.

ஆஸ்பத்திரியில இருந்து ஒரே ஒரு தடவைதான் எனக்குப் போன் பண்ணுனான். ஆக்சிஜனை எடுத்துட்டுப் பேசுனானோ என்னமோ, காத்துச் சத்தம்தான் நிறையா வந்துச்சு. "தோழர்... கூட்டம்... போட்டாச்சா?" அவ்வளவுதான் கேட்டான். திட்டுறானா? கேலி பண்றானா? அவனுக்குக் கேலி வராது. நெசமாவே கேட்டான். படுத்துக்கிட்டு, ஊசி போட்டுப் பிரயோசனமில்லாத நெலமையில, அனுமதி வந்துச்சான்னு கேக்குறான். "சீக்கிரம் போட்ருவோம் தோழர், நீங்க தெம்பா இருங்க"ன்னேன். ஆறாம் நாளு பிளாஸ்டிக்ல சுத்திக் குடுத்தாங்க. குருவம்மாவை முகத்தைக்கூடப் பாக்க விடல, தள்ளி நின்னு கும்பிட்டா. இரங்கல் கூட்டத்துக்குக் கமிட்டியில ஆறு பேர் வந்தாங்க. ஆறு பேரு! அஞ்சு போதும் கூட்டத்துக்கு, ஆறு பேர் வந்து உக்காந்திருக்காங்க, அன்னைக்கே அந்தத் தீர்மானத்தைக் கிழிச்சுப் போட்டிருக்கலாம், ஒருத்தன் வாயைத் திறக்கல, இரங்கல் கூட்டத்துல மத்த பொருள் எடுக்கிறது மரபு இல்ல. அதுக்கு மொத நாள் காலையில சங்க ஆபீஸ் பின்னாடி குப்பையோட குப்பையா அவன் கடுதாசியை எரிச்சேன். ரூல் போட்ட பேப்பர் சட்டுனு பிடிக்குது. மறுநாள் மைக்கைப் பிடிச்சேன். ஊருக்கே கேக்குற மாதிரி ஸ்பீக்கர். "நாலுக்கு நாலென்று தராசு நின்ற நேரத்தில், உயர்ந்த அஞ்சாவது கை தோழர் தங்கப்பழத்தின் கை! கடைசி மூச்சு வரை தீர்மானத்தைக் கைவிடாத கை!" எனக்கே அழுகை வந்துருச்சு. குருவம்மா முன் வரிசையில உக்காந்து என் வாயையே பாத்துக்கிட்டிருந்தா, அதுவரைக்கும் அழுதுக்கிட்டிருந்தவ அந்த இடத்துல கண்ணைத் தொடச்சு நிமிந்து உக்காந்தா. அவ நிமிந்ததைப் பாத்து எனக்கு ஒரு திருப்தி. பாவி. அன்னைக்கு நிமிந்தவதான், இன்னும் குனியல.

நாப்பத்தி மூணு. இனிமே தள்ள முடியாது. எந்திரிச்சேன், முட்டி சொடக்குது, வட்டத்தையெல்லாம் மிதிச்சுட்டுப் போய் அவ பெஞ்சு ஓரத்துல உக்காந்தேன். "என்ன தோழரண்ணே, தண்ணி வேணுமா"ன்னு பைக்குள்ள கையை விடுறா. "இல்ல தங்கச்சி. இன்னும் மூணு பேருதான். போட்டுக்கோ." "உக்காந்து பாப்போம்னுதானே சொன்னீங்க. பாத்தாச்சு. போவோம்." "டாக்டர் சொன்னாருல்ல உன் நெஞ்சைப் பத்தி. செல்வராணி அழுகுது." "அது சின்னப் பிள்ள, அழுகும். நான் இதைப் போட மாட்டேன்." மூச்சு வாங்கிட்டுப் பேசுறா, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவுல விசில். சொல்லுடா. இப்பச் சொல்லாட்டி எப்பச் சொல்லப் போற. சொல்லிட்டேன். "தங்கப்பழம் போடணும்னு நெனச்சான் தங்கச்சி. ஏப்ரல்ல எனக்கு எழுதிக் குடுத்தான். கமிட்டி அனுமதி வேணும்னு. நான் கூட்டம் போடாம இழுத்தடிச்சேன். அவன் கை தூக்குனானா என்னன்னுகூட எனக்கு இன்னும் தெரியாது, காதைச் சொறிஞ்சாப்ல இருந்துச்சு, நான் எண்ணிட்டேன்." சொல்லி முடிச்சதும் நெஞ்சு லேசாகும்னு நெனச்சேன். ஆகல. அவ என்னையே பாக்குறா. கோவம் வரும், அறைவா, ஒப்பாரி வைப்பா, மண்ணை அள்ளித் தூத்துவான்னு மூணு மாசமா விதம் விதமா நெனச்சுப் பாத்து வச்சிருந்தேன். ஒண்ணும் வரல. "எங்க அந்தக் கடுதாசி?" "எரிச்சுட்டேன்." "ஓ"ன்னா. நாப்பத்தி நாலைக் கூப்பிடுறாங்க. "அப்ப நீங்க மைக்ல சொன்னது பொய்யா, இப்பச் சொல்றது பொய்யா?" "மைக்ல சொன்னதுதான் பொய் தங்கச்சி." "பொங்கலுக்குச் சட்டை எடுக்கணும்னாலும் என்னைக் கேட்டு எடுக்கிற மனுசன். உயிர் போற காரியத்தை எங்கிட்டச் சொல்லாம உங்களுக்குக் கடுதாசி எழுதுனாரா?" "கமிட்டி விஷயத்தை வீட்ல பேசக் கூடாதுன்னு இருந்திருப்பான்." எனக்கே நம்புற மாதிரி இல்ல. உண்மை இவ்வளவு கேவலமாவா இருக்கும், ஒரு துண்டுக் காகிதம்கூடக் கையில இல்லாம. அன்னைக்குப் பொய்யை எப்படிச் சொன்னேன், என்ன குரல், என்ன ஏத்த இறக்கம். இன்னைக்கு உண்மை வாயில இருந்து வழுவழுன்னு வழுக்கி விழுது.

"தோழரண்ணே, நான் படிக்காதவ, ஆனா எனக்கு ஒண்ணு தெரியும்"ங்கிறா. "இது நல்ல மருந்துன்னா அவரு எதுக்குச் செத்தாரு? சும்மாவா? ஒரு பேப்பர் வராததுக்கா? அவரைப் பிளாஸ்டிக்ல கட்டிக் குடுத்தப்ப நான் விழாம நின்னது நீங்க பேசுன பேச்சுலதான். அந்தக் கையை நெனச்சுத்தான் காலையில எந்திரிக்கிறேன். அதையும் எடுத்துட்டா அப்புறம் இந்த நெஞ்சு இருந்தா என்ன, நின்னா என்ன." காலைப் பிடிக்கலாமா, எல்லாரும் பாக்குறாங்க. "செல்வராணிக்காகவாவது"ன்னு ஆரம்பிச்சேன். அவ கேக்கல, என் கையைப் பாத்துக்கிட்டிருக்கா. விரலுக்கு நடுவுல டோக்கன் நீட்டிக்கிட்டு இருக்கு. "அது யாருக்கு, நாப்பத்தேழு?" நான் விரலை மடக்குனேன். அவ முகம் மாறுது. கடுமை எல்லாம் போயிருச்சு, காய்ச்சக்காரப் பிள்ளையைப் பாக்குற மாதிரி பாக்குறா. "இதான் விஷயமா"ங்கிறா மெதுவா. "பயந்துட்டீங்க. அவரு போனதுல இருந்து நீங்க பயந்துதான் போயிருக்கீங்க, நானும் பாக்கத்தான் செய்றேன். பயந்தா என்ன தோழரண்ணே, மனுசன்தானே. தனியாப் போட வெக்கமா இருக்கு, அதுக்கு என்னையும் சேக்குறீங்க. அதுக்காகச் செத்த மனுசனைப் பயந்தாங்கொள்ளி ஆக்கிறாதீங்க. அது பாவம்." "அப்படியில்ல குருவம்மா, சத்தியமா." "சத்தியமெல்லாம் நமக்கு எதுக்கு. போட்டுக்கங்க. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்." எந்திரிச்சா, செவுத்தைப் பிடிச்சு ஒரு மூச்சு இழுத்தா, பையை இடுப்புல இடுக்கிக்கிட்டா, அவ டோக்கனைப் பெஞ்சுல எனக்குப் பக்கத்துல வச்சுட்டு வராண்டாவைத் தாண்டிப் போறா. பின்னாலயே ஓடணும். ஓடல. அவ சொன்னது பொய்யின்னு எனக்கு நானே சொல்லிப் பாக்குறேன், அதுவும் ஒட்டல.

"நாப்பத்தாறு. குருவம்மா. குருவம்மா இருக்காங்களா?" சிஸ்டர் பிள்ளை ரெண்டு தடவை கூப்பிட்டுருச்சு. "இல்லம்மா." "போய்ட்டாங்களா? திரும்ப வருவாங்களா?" "வர மாட்டாங்க." "சரி, நாப்பத்தேழு?" கால் வருதே இப்ப, எங்க இருந்துதான் வருதோ, எந்திரிச்சு நாலே எட்டுல டேபிள்கிட்ட நிக்கிறேன். கம்ப்யூட்டர் தம்பி போன்ல வந்த நம்பரைக் கேக்குறான், சொல்றேன். மொத ஊசியா? ஆமா. சர்க்கரை, பிரஷர்? பிரஷர் இருக்கு. "போட்டுட்டு அரை மணி நேரம் உக்காரணும் அய்யா, துணைக்கு யாராவது இருக்காங்களா?" ஜன்னல் வழியாப் பாக்குறேன். போயிருப்பான்னு நெனச்சேன், போகல. பள்ளிக்கூட கேட் பக்கத்துல ரோட்டைப் பாத்து நிக்கிறா. இருமுறா, குனிஞ்சு இருமிட்டு மறுபடியும் நிமிந்து ரெண்டு பக்கமும் பாக்குறா. எங்க ஆளுக யாராவது இந்தப் பக்கம் வந்தா எனக்கு முன்கூட்டிச் சொல்றதுக்கு நிக்கிறா.